வட்டத்தைக் காட்டு, மச்சான்

பொனேர் தீவு,
ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்த பிறகு

அன்புள்ள மச்சான் உபால்டோவுக்கு,

உன் நிகாசியோ எழுதிக்கொள்வது. ஆமாம், நானேதான். யாரும் என் கையைப் பிடித்து எழுதவில்லை. எழுத்தெல்லாம் அலையில் மாட்டிய படகு மாதிரி ஏறி இறங்கியிருக்கும், பொறுத்துக்கொள். எழுதுவது சமையலறை மேசையில்தான். மேசை ஆடவில்லை, கைதான் ஆடுகிறது. ஒரு வரி எழுதி முடிப்பதற்குள் ஒரு வலையையே சிக்கெடுத்துவிடலாம். சில எழுத்துகள் பெரிதாகவும் சில பொடியாகவும் விழுந்திருக்கின்றன. பெரிதாக இருப்பவை எனக்குப் பிடித்தவை.

உனக்குக் காது முழுவதும் அடைத்துப்போனபோதுகூட எனக்குக் கவலை வரவில்லை. நமக்குக் கை இருந்தது. முக்குளிக்க வருகிறவர்களுக்கு வழிகாட்டிக்கொண்டு தண்ணீருக்கடியில் இத்தனை காலம் பேசிப் பழகிய கைதானே. மகள் ஜசிந்தா வந்து உன்னை நெதர்லாந்துக்கு அழைத்துப்போனதும் அதுவும் போயிற்று. தொலைபேசியில் உன் மகளோடு பேசலாம், உன்னோடு முடியாது. முகம் தெரிகிற மாதிரி போட்டு உன் எதிரில் பிடித்தால் நீ தலையைத் திருப்பிக்கொள்கிறாயாம். சரி, இவனுக்குக் கடிதம்தான் வழி என்று முடிவு செய்தேன். அதற்கு முதலில் எழுதத் தெரியவேண்டுமே!

சின்ன வயதில் நம் இருவரையும் ஒரே பெஞ்சில் உட்கார வைத்தார்கள், நினைவிருக்கிறதா? பாடமெல்லாம் டச்சில். நம் இரண்டு வீட்டிலும் ஒருவருக்கும் தெரியாத பாஷை. நீ எப்படியோ அதைப் பிடித்துக்கொண்டாய். நான் ஜன்னல் வழியாகக் கடலுக்குப் போய்விட்டேன். இப்போது மாதா கோவில் மண்டபத்தில் நம் பேச்சிலேயே எழுதப் படிக்கச் சொல்லித் தருகிறார்கள். மீன்காரி நோல்டா, நான், உப்பளத்தில் வேலை பார்த்த இரண்டு பேர், எல்லோரும் பல் விழுந்த மாணவர்கள். ஆசிரியை மிரெல்வாவுக்கு என் பேத்தி வயதுதான் இருக்கும்.

நான் வகுப்புக்குக் கிளம்பிய முதல் நாள் ஃபெலிபா வாசலில் கையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். “எத்தனை வருஷமா உனக்கு சோறாக்கிப் போடுறேன், எனக்கு ஒரு வரி எழுதணும்னு தோணிச்சா? அந்த உபால்டோவுக்காகக் கிழவன் பள்ளிக்கூடம் போறான்!” என்றாள். “நீ பக்கத்துலயேதானே இருக்க, உனக்கு எதுக்குக் கடுதாசி?” என்றேன். “அப்ப நானும் நெதர்லாந்துக்குப் போறேன்” என்றாள். தெருவில் போன நோல்டா சிரித்த சிரிப்பில் கூடை மீன் கீழே விழுந்தது.

மிரெல்வா எழுத்துகளைப் பலகையில் எழுதினாள். எல்லாமே எனக்கு மீன் முள்ளாகத்தான் தெரிந்தன. பிறகு ‘ஓ’ என்று சொல்லும் O வந்தது. வெறும் வட்டம். என் கை தானாக உயர்ந்து, கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்துகொண்டன. எல்லாம் சரி, நன்றாக இருக்கிறேன் என்று நாம் கீழே காட்டுவோமே, அதே வட்டம். “என்ன மாமா, புரிஞ்சுதா?” என்று மிரெல்வா கேட்டாள். “இந்த ஒண்ண மட்டும் நான் ஆயுசு முழுக்க எழுதிட்டிருக்கேன்மா, தண்ணியில” என்றேன். அவளுக்குப் புரியவில்லை. உனக்குப் புரியும்.

எழுத்துக் கூட்டத் தெரிந்ததும் சாலையோரத்து மஞ்சள் கற்களை ஒன்று விடாமல் படித்துக்கொண்டு போனேன். முக்குளிக்க வருகிறவர்களுக்கு இறங்கும் இடம் காட்டுகிற கற்கள். நாம் எப்போதும் இறங்கும் இடத்துக் கல் முன்னாலும் போய் நின்றேன். அதில் ‘நிகாசியோவின் துறை’ என்று எழுதியிருப்பதாக நீதானே சொன்னாய்? கடல் பூங்காக்காரர்கள் என்னைக் கௌரவித்துவிட்டார்கள் என்றாயே! அன்றைக்கு நான் கடையில் இருந்த எல்லோருக்கும் பீர் வாங்கிக் கொடுத்தேன். நீ இரண்டு குடித்தாய். அந்தக் கல்லில் ‘படி வழுக்கும்’ என்று எழுதியிருக்கிறது, படுபாவி.

கல் முன்னால் நின்று தனியாகச் சிரித்தேன். காரில் வந்த வெள்ளைக்காரர்கள் எனக்கு வெயில் ஏறிவிட்டது என்று தண்ணீர் கொடுத்தார்கள். ஆனால் ஒன்று கேள். நான் ஊரெல்லாம் பெருமையடித்துத் திரிந்ததில், இப்போதுள்ள இளம் வழிகாட்டிகள் அதை நிகாசியோவின் துறை என்றேதான் சொல்கிறார்கள். கைபேசியில் வரும் வரைபடத்திலும் அப்படித்தான் போட்டிருக்கிறதாம். உன் பொய் உண்மையாகிவிட்டது. உன்னைத் திட்டுவதா, நன்றி சொல்வதா என்று தெரியவில்லை. நேரில் இருந்தால் இரண்டையும் செய்வேன்.

கை வலிக்கிறது. நாளை தொடர்கிறேன்.

நாளை என்று எழுதினேன், இடையில் சில நாள் போய்விட்டது. காற்று விழுந்துவிட்டது, அதுதான் காரணம். கடல் எண்ணெய் ஊற்றினாற்போலக் கிடந்தது. அப்படிப்பட்ட காலையில் மேசை முன்னால் எவன் உட்காருவான்? அந்த வழுக்குப் படியில் உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கினேன். காற்றுக் குப்பி இல்லை, அதை ஃபெலிபா எங்கோ ஒளித்துவிட்டாள். முகமூடியும் மூச்சுக்குழலும்தான். கவிழ்ந்து மிதந்துகொண்டே பார்க்கிறேன். கரையிலிருந்து பார்த்தால் கடல் அடித்துவந்த கட்டை மாதிரி இருக்கிறேனாம்.

உனக்கு வரிசையாகச் சொல்கிறேன், கூடவே வா.

முழங்கால் ஆழம் தாண்டியதும் கொம்புப் பவளம். அகலமான கொம்புகளை அலைக்கு நீட்டிக்கொண்டு, தேன் நிறத்தில். பழைய கூட்டம் இல்லை, அங்கொன்று இங்கொன்று. நீ இரண்டு கையையும் விரித்துத் தலைக்கு இருபுறமும் வைத்துக் காட்டுவாயே, அதை நினைத்துக்கொண்டேன். புது மனைவியோடு வந்த அந்த வெனிசுவேலாக்காரனையும் நினைத்துக்கொண்டேன். நீ பவளத்தைக் காட்டியதை அவன், அவர்கள் ஊர்ப் பேச்சுப்படி பெண்டாட்டி ஏமாற்றியதால் தனக்குக் கொம்பு முளைத்துவிட்டது என்று நீ கேலி செய்வதாக எடுத்துக்கொண்டு, படகில் ஏறியதும் துடுப்பைத் தூக்கினானே! “பவளம்யா, பவளம்! உன் தலையப் பாத்துச் சொல்லல!” என்று நீ படகைச் சுற்றிச் சுற்றி ஓடினாய். அந்தப் பெண் மட்டும் சிரிக்கவே இல்லை. அதில்தான் எனக்கு இன்றுவரை சந்தேகம்.

கொம்புகளைத் தாண்டினால் மணல். மணலுக்கு அப்பால் தரை சரிந்து நீலத்துக்குள் இறங்கும் அந்த விளிம்பு. அங்கே போய்க் கையை விரித்துவிட்டு அசையாமல் கிடந்தேன். வெயில் சல்லாத் துணி போல ஆடி ஆடிக் கீழே இறங்கிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் எனக்கு உடம்பு இருப்பதே மறந்துபோயிற்று. நான் ஒரு மேகம், கீழே இருப்பது ஓர் ஊர் என்று தோன்றியது. ஊதா நிறக் கடல் விசிறிகள் எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்து, பிறகு எல்லாம் மறுபக்கம் சாய்ந்து, யாருக்கோ மரியாதை செய்துகொண்டிருந்தன. தெருவில் மீன்கள் போயின, வந்தன. ஆமை ஒன்று பூசைக்குப் போகும் கிழவி மாதிரி யாரையும் பார்க்காமல் போயிற்று. மேகத்துக்கு ஊரில் ஒரு வேலையும் இல்லை. நிழல் விழுந்தால் போதும்.

தூண் பவளம் இருக்கிறது, மச்சான். நீ கேட்பாய் என்று அதைத்தான் முதலில் தேடினேன். ஒரே ஒரு குடும்பம், அந்தப் பாறை இடுக்கில். மற்ற பவளங்கள் பகலெல்லாம் வாயை மூடிக்கொண்டிருக்க, இது மட்டும் வெயிலிலும் பூனை மயிர் போலச் சிலிர்த்து நிற்கிறது. தடவிப் பார்க்கலாம் போல இருக்கும், தடவக் கூடாது. நீ அதற்கு முழங்கையை நிமிர்த்தி விரல்களை அசைத்துக் காட்டுவாய். படகுத்துறைப் பலகையில் படம் போட்டு அதற்கு ஒரு நீளமான பெயர் எழுதியிருக்கிறார்கள். என்னால் இன்னும் முழுதாக எழுத்துக் கூட்ட முடியவில்லை. பாதியிலேயே மூச்சு வாங்குகிறது. உன் கையை வைத்துத்தான் அதை நினைத்துக்கொள்கிறேன்.

பெரிய மூளைப் பவளம், நாம் கிழவன் என்று கூப்பிடுவோமே, அவனுக்கு உடம்பு சரியில்லை. வெள்ளை நோய். வட கரையில் ஆரம்பித்தது இந்தப் பக்கமும் வந்துவிட்டது. ஒரு பக்கம் சுண்ணாம்பு பூசினாற்போல வெளுத்துக் கிடக்கிறது. ஆனால் பூங்காப் பெண்கள் இரண்டு பேர் களிம்பு அடைத்த குழாயோடு இறங்கி, வெளுப்பு முடிகிற ஓரம் நெடுகப் பூசிவிட்டிருக்கிறார்கள், தாய்மார் பிள்ளைக்குச் சிரங்குக்குப் போடுவது போல. அதற்கு அப்பால் நோய் போகவில்லை. மிச்சப் பாதி பச்சையாக இருக்கிறது, பூனைக்குட்டி அளவு மீன்கள் அவன் மேல் மேய்ந்துகொண்டிருக்கின்றன. இத்தனை வயதுக் கிழவன் மருந்தைத் தட்டிவிடாமல் வாங்கிக்கொண்டான் என்பதை நீ கவனிக்கவேண்டும்.

அவன் மேல் இருக்கும் வளைவுகளைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் கிடந்தேன். வளைந்து, திரும்பி, மறுபடி வளைந்து, ஒரு வரிகூட முடியாத எழுத்து. கைபோன போக்கில் யாரோ எழுதி, நிறுத்த மனமில்லாமல் விட்டது போல. முன்பெல்லாம் எனக்கு எல்லா எழுத்துமே அப்படித்தான் இருந்தது. இப்போது மனிதன் எழுதியதைப் படித்துவிடுகிறேன். கிழவன் எழுதியதைத்தான் இன்னும் படிக்க முடியவில்லை. ஒருநாள் முடியுமோ என்னவோ.

பச்சைக் கிளிமீன் ஒன்று வந்து பாறையைக் கடித்தது. நறநற என்று கேட்டது, ஃபெலிபா வறுத்த சோளத்தைக் கடிப்பது மாதிரி. அந்தச் சத்தத்தை உனக்காக எழுதி வைக்கிறேன்: நற, நற, நற. கீழே மற்றபடி எல்லோரும் செவிடர்கள்தானே. அங்கே உனக்கும் எனக்கும் வித்தியாசமே இல்லை.

இனி எழுதப்போவதைத்தான் முதலில் எழுதியிருக்கவேண்டும். எழுத்து வராததால் தள்ளிப்போட்டேன் என்று வைத்துக்கொள்.

ஜசிந்தா ஃபெலிபாவின் கைபேசிக்கு உன் படம் ஒன்றை அனுப்பியிருந்தாள். ஜன்னலோரம், மடியில் போர்வை, பின்னால் சாம்பல் நிற வானம். மெலிந்திருக்கிறாய். கையை முன்னால் நீட்டிக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டுகிறாய். கூடவே அவள் குரலையும் பதிந்து அனுப்பியிருந்தாள்: “அப்பா நல்லாத்தான் இருக்கார் அத்தை. சாப்பாடுதான் குறைஞ்சிருக்கு. இதய மாத்திரையக் குடுத்தா தட்டிவிடுறார். எப்படி இருக்கீங்கன்னு எழுதிக் காட்டினா இப்படிக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுறார், பாருங்க. மனசு தெம்பாத்தான் இருக்கு.”

டோமினோ மேசையில் அந்தப் படம் கைக்குக் கை போயிற்று. எல்லோருக்கும் சந்தோஷம். “பாருடா, விரல எப்படி நிமித்தி வச்சிருக்கான்! சிங்கம்!” என்றான் செஃபெரினோ. யாரோ, “அது ஒண்ணுமில்ல, எட்டாவது மாடில குடியிருக்கான்ல, மேலே இருக்கேன்னு காட்டுறான்” என்றார்கள். மேசையே குலுங்கியது, கட்டைகள் சிதறின. அந்த ஆட்டத்தில் நான் ஜெயித்துக்கொண்டிருந்தேன். கலைந்தது எனக்குத் தெரியவேயில்லை.

வீட்டுக்கு வந்ததும் ஃபெலிபா கேட்டாள். “எல்லாரும் சிரிச்சாங்க. நீ மட்டும் ஏன் சுறாவப் பாத்த மாதிரி உக்காந்திருந்த?”

அவளிடம் சொன்னேன். படகில் ஏறுகிற ஒவ்வொருவருக்கும் நீ முதலில் சொல்லும் பாடத்தைச் சொன்னேன். கரையில்தான் கட்டைவிரல் ‘பிரமாதம்.’ தண்ணீருக்குள் அதற்கு ஒரே அர்த்தம்: மேலே போகிறேன், போதும். அந்தப் பள்ளிக்கூட வாத்தியாரைப் பற்றியும் சொன்னேன். பவளத்தைப் பார்த்த பரவசத்தில் அவர் கட்டைவிரலைத் தூக்கித் தூக்கிக் காட்ட, நீ ஒவ்வொரு தடவையும் அவரைப் பிடித்து மேலே கொண்டுவந்துவிட்டாய். “ஏன்யா என்னைச் சும்மா சும்மா மேலே இழுக்கிற?” என்று அவர் கத்த, “நீங்கதானே சார் கேட்டீங்க?” என்று நீ சாதுவாக நின்றாய். ஃபெலிபா சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் சட்டென்று நிறுத்திவிட்டாள்.

பிறகு எழுந்துபோய் ஜசிந்தாவின் கல்யாணப் படத்தைச் சுவரிலிருந்து எடுத்துவந்தாள். படம் எடுத்தவன் எல்லோரையும் கட்டைவிரல் காட்டச் சொன்னானே, அந்தப் படம். எல்லோரும் கட்டைவிரல். நீயும் நானும் மட்டும் வட்டம். ஃபெலிபா அதை மேசையில் என் முன்னால் வைத்தாள். அப்புறம், “அப்ப உக்காந்து எழுது. மீன நான் கழுவிக்கிறேன்” என்றாள்.

ஜசிந்தா மேல் கோபப்படாதே. அவள் கரையில் வளர்ந்த பிள்ளை. நீ சொன்னது அவளுக்குக் கேட்கவில்லை, அவ்வளவுதான். எனக்குக் கேட்டுவிட்டது.

ஒருவன் மேலே என்று காட்டினால் மற்றவன் ஏன் என்று கேட்கக் கூடாது. இன்னும் அந்தப் பவளத்தைப் பார்க்கவில்லையே என்று இழுக்கவும் கூடாது. அதனால் நான் கேட்கவில்லை, மச்சான். நீ களைத்திருப்பாய். அங்கே குளிர். ஜன்னலில் நீலம் இல்லை. நீ பேசுகிற பாஷை தெரிந்த கை ஒன்றுகூட அந்த ஊரில் இல்லை. எனக்கும் அப்படியிருந்தால் நானும் விரலைத் தூக்கியிருப்பேன்.

ஆனால் மேலே போகிறவன் நேராகப் போய்விடக் கூடாது, உடம்பு தாங்காது. அதுவும் நீ சொல்லித் தந்ததுதான், படகில் எல்லோருக்கும். வெளிச்சம் தலைக்கு மேல் தெரிகிற இடத்தில், மிதவைக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கவேண்டும். உடம்பில் சேர்ந்த ஆழம் மெல்ல மெல்லக் கழியும்வரை. கூட வருகிறவன் வந்து அதே கயிற்றைப் பிடிக்கும்வரை. அவசரப்பட்டவர்களுக்கு என்ன ஆயிற்று என்று நம் இருவருக்கும் தெரியும், அதை எழுதமாட்டேன்.

அந்தக் காத்திருப்புதான் எனக்கு எல்லாவற்றையும்விடப் பிடிக்கும் என்று உன்னிடம் சொன்னதே இல்லை. கையில் அதைச் சொல்ல ஒரு அடையாளம் கிடையாதே. வேலை முடிந்திருக்கும். போகவேண்டிய இடம் ஒன்றும் இருக்காது. நான் மேலே, நீ கீழே, நடுவில் ஒரு கயிறு. நீ வாயால் குமிழ் வளையம் விடுவாய், அது என்னைத் தாண்டி விரிந்து விரிந்து மேலே போகும். கீழே ஊர் முழுவதும் நீலத்தில் மங்கிக்கொண்டிருக்கும். தூங்குகிறோமா விழித்திருக்கிறோமா என்று தெரியாது. இன்னும் கொஞ்சம் நிற்கலாம் என்றே எனக்கு ஒவ்வொரு தடவையும் தோன்றும்.

இப்போதும் அப்படித்தான் தோன்றுகிறது. என்னிடம் காற்று இருக்கிறது, உபால்டோ. இப்போதுதான் எழுதக் கற்றிருக்கிறேன்.

அதனால் அந்த மாத்திரையை வாங்கிப் போட்டுக்கொள். ஜசிந்தா வைக்கிற கஞ்சியில் பாதியாவது குடி. அவள் அடுத்த படம் எடுக்கும்போது கட்டைவிரலோடு இன்னொரு விரலையும் சேர்த்துக் காட்டு. பொய்யாகக் காட்ட வேண்டாம், நீ என்னிடம் கல்லைப் பற்றித்தான் பொய் சொல்வாய், இதில் சொல்லமாட்டாய். மனம் வந்தபோது காட்டு. அதுவரை நிற்பதற்குத்தான் கயிறு.

அடுத்த ஞாயிறும் பூசை முடிந்ததும் இதே மேசையில் உட்கார்வேன். தூண் பவளத்தின் அந்த நீளப் பெயரை அதற்குள் எழுத்துக் கூட்டிவிடுவதாக மிரெல்வாவிடம் சவால் விட்டிருக்கிறேன். அதை முதலில் உனக்குத்தான் எழுதுவேன். அந்தக் கடிதம் வந்து சேரும்போது கயிற்றில் உன் கை இருக்கவேண்டும்.

உன் பெயரும் என் பெயரும் அந்த ஒரே வட்ட எழுத்தில் முடிகின்றன, இத்தனை வருஷம் எனக்குத் தெரியாமல் போயிற்று. கீழே அதைப் பெரிதாகப் போட்டிருக்கிறேன், பார்.

கடல் மாதா உன்னைக் கையில் ஏந்திக்கொள்ளட்டும்.

உன் மச்சான்,
நிகாசியோ